தினசரி சலுகைக் கூப்பன் சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா?

கேட்டவர் நான்கு பேரை வைத்துச் சிறிய சேவைத் தொழில் நடத்துகிறார். சலுகைத் தளம் ஒன்றின் பிரதிநிதி அவரைத் தேடி வந்திருக்கிறார். "உங்கள் சேவையைப் பாதி விலைக்குக் கூப்பனாகப் போடுவோம். விளம்பரத்துக்கு உங்கள் கையிலிருந்து ஒரு காசும் வேண்டாம். நூற்றுக்கணக்கில் புது ஆட்கள் வருவார்கள்" என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா என்பதுதான் கேள்வி.

பிரதிநிதி கொண்டுவந்த தாளில் அப்படியே கையெழுத்துப் போடுவதென்றால், வேண்டாம். ஆனால் கூப்பனே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சில தொழில்களுக்கு, சில நேரங்களில், எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிக்கொண்டு செய்தால் இது நல்ல விளம்பரம்தான். உங்கள் தொழில் அந்த வகையா என்று பார்க்க மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். ஒருவருக்குச் சேவை செய்ய உங்களுக்கு உண்மையில் ஆகும் அடக்கம் எவ்வளவு, உங்களிடம் சும்மா கிடக்கும் நேரம் எவ்வளவு, கூப்பனோடு வருகிறவர்களில் ஏற்கெனவே உங்களிடம் வந்துகொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர். மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். இந்த முறையைப் பிரபலமாக்கியது குரூப்பான் என்ற அமெரிக்கச் சலுகைத் தளம். 2008 நவம்பரில் சிகாகோவில் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒரு சலுகை, குறைந்தபட்சம் இத்தனை பேர் வாங்கினால்தான் அது செல்லும் என்பது தொடக்க கால ஏற்பாடு. வழக்கமான சலுகையில் உங்கள் விலையில் பாதியைக் குறைப்பார்கள். கிடைக்கும் மீதிப் பாதியில் ஏறக்குறைய பாதியைத் தளம் எடுத்துக்கொள்ளும். ஆக உங்கள் விலை 100 என்றால் உங்கள் கைக்கு வருவது 25. வாடிக்கையாளருக்கு அது 50 சதவீதத் தள்ளுபடி, உங்களுக்கு 75 சதவீதம். பிரதிநிதி இதைப் பொய்யாகச் சொல்ல மாட்டார், ஆனால் 75 என்ற எண்ணை அவர் வாயால் கேட்கவும் முடியாது.

தளம் பாதியையா எடுத்துக்கொள்கிறது என்று சந்தேகம் வரலாம். குரூப்பான் பங்குச் சந்தைக்கு வரத் தயாரானபோது 2010-ஆம் ஆண்டின் வருவாயாக ஏறக்குறைய 71.3 கோடி டாலரைக் காட்டியது. கூப்பன் வாங்கியவர்கள் கட்டிய மொத்தத் தொகை அது, கடைக்காரர்களுக்குப் போய்ச் சேரும் பங்கும் அதற்குள் இருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் கேள்வி எழுப்பிய பிறகு, 2011 செப்டம்பரில் அந்த எண்ணை 31.3 கோடியாகத் திருத்தினார்கள். கட்டிய பணத்தில் தளத்துக்கு நின்ற பங்கு 44 சதவீதம் என்று அவர்கள் காட்டிய கணக்கிலிருந்தே தெரிகிறது. சராசரியே இது என்றால் பேரம் பேசத் தெரியாத சிறு தொழிலுக்குப் பாதி போவதில் வியப்பில்லை. பேசினால் குறையும் என்பதையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கணக்கு. விலை 100, கைக்கு வருவது 25. ஒருவருக்குச் சேவை செய்ய உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு 40 என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். கூடுதல் செலவு என்றால் அந்த ஆள் வந்ததால் மட்டுமே ஆகும் செலவு: தீர்ந்துபோகும் பொருள், அந்த வேலைக்கென்று கொடுக்கும் கூலி, இப்படி. கடை வாடகையை இதில் சேர்க்காதீர்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது கட்ட வேண்டியதுதான்.

கூப்பனோடு 100 பேர் வருகிறார்கள். அதில் 80 பேர் புதியவர்கள், 20 பேர் பழைய வாடிக்கையாளர்கள். புதியவர் ஒவ்வொருவராலும் உங்களுக்கு 15 கைநட்டம், ஆக மொத்தம் 1,200. பழையவர் விஷயம் வேறு. அவர் கூப்பன் இல்லாவிட்டாலும் வந்திருப்பார், முழு 100 கொடுத்திருப்பார். இப்போது 25 தான் வருகிறது. அவர் ஒவ்வொருவராலும் இழப்பு 75, மொத்தம் 1,500. எண்பது புதியவர்களால் ஆன நட்டத்தைவிட இருபது பழையவர்களால் ஆன இழப்பு அதிகம் என்பதைக் கவனியுங்கள். அதோடு, உங்கள் அடக்கம் 40 ஆனாலும் 10 ஆனாலும் அந்த 75 மாறாது. செலவு குறைவான தொழில் என்பதால் நமக்குப் பாதிப்பில்லை என்று நினைக்கிறவர்களும் இந்த இடத்தில் தப்ப முடியாது.

இரண்டும் சேர்ந்து 2,700. வந்தவர்களில் 36 பேர் கூப்பன் மதிப்புக்கு மேல் ஆளுக்கு 30 செலவழிக்கிறார்கள், அதில் உங்களுக்கு நிற்பது 18 என்று வைத்தால் ஏறத்தாழ 650 திரும்பி வரும். மிச்சம் 2,050 தான் இந்த விளம்பரத்துக்கு நீங்கள் கட்டிய விலை. கைக்காசாகக் கட்டவில்லை, உழைப்பாகவும் பொருளாகவும் கட்டியிருக்கிறீர்கள். "ஒரு காசும் வேண்டாம்" என்பது எப்படி உண்மையும் இல்லாமல் பொய்யும் இல்லாமல் நிற்கிறது என்பது இதில் தெரியும்.

அந்த 2,050-க்கு என்ன வாங்கினீர்கள்? புதிய 80 பேரில் ஐந்தில் ஒருவர் முழு விலை கொடுத்துத் திரும்பி வந்தால் 16 பேர். ஒரு முறை முழு விலையில் வந்தால் 60 நிற்கிறது. ஒவ்வொருவரும் இரண்டு முறைக்குச் சற்று மேல் வந்தால் போட்ட முதல் திரும்பிவிடும். மோசமில்லை. ஆனால் பழையவர்கள் 20-க்குப் பதில் 40 பேர், திரும்புகிறவர்கள் பத்தில் ஒருவர் என்று மாற்றிப் பாருங்கள். கட்டிய விலை 3,250 ஆகிறது, கிடைத்தவர்கள் வெறும் 6 பேர். ஒவ்வொருவரும் ஒன்பது முறை முழு விலைக்கு வந்தால்தான் தலைதப்பும். இரண்டு எண் மாறினால் நல்ல முதலீடு முதலுக்கே மோசம் ஆகிவிடுகிறது. அதனால்தான் பொதுவாக லாபமா நட்டமா என்று யார் சொன்னாலும் நம்பாமல், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட 80, 36, ஐந்தில் ஒருவர் ஆகியவை காற்றிலிருந்து பிடித்தவை இல்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சந்தையியல் பேராசிரியரான உத்பல் தோலக்கியா 2011-இல் 23 நகரங்களின் சந்தைகளில் சலுகை நடத்திய 324 தொழில்களை ஆராய்ந்தார். வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் புதியவர்கள். கூப்பன் மதிப்புக்கு மேல் செலவழித்தவர்கள் 35.9 சதவீதம். பிறகு முழு விலை கொடுத்து வந்தவர்கள் 19.9 சதவீதம். லாபம் பார்த்ததாகச் சொன்ன தொழில்கள் 55.5 சதவீதம், நட்டம் என்றவை 26.6, வரவும் செலவும் சரிக்குச் சரி என்றவை 17.9. நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எனக்கு இதில் இன்னொரு தயக்கமும் உண்டு. இவை உரிமையாளர்கள் தாங்களே சொன்ன பதில்கள். பழைய வாடிக்கையாளர் கொடுக்காமல் போன 75 எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கல்லாப் பெட்டியில் வராத பணத்தை யார் எண்ணுவார்கள்? லாபம் என்று சொன்னவர்களில் சிலராவது அதைக் கழிக்காமல்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதுவும் அந்த ஆய்வு நடந்த காலத்தில் சலுகை மின்னஞ்சலாக வீடு தேடிப் போனது. உங்களைக் கேள்வியே படாதவர் காலையில் அஞ்சலைத் திறந்தார், பார்த்தார், வாங்கினார். அதன்பின் தளங்கள் ஒரு நாள் ஒரு சலுகை என்பதை விட்டுவிட்டு, பல சலுகைகள் மாதக்கணக்கில் கிடக்கும் சந்தையாக மாறிவிட்டன. தினசரி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றம் உங்களுக்குப் பெரிய விஷயம். இப்போது ஒருவர் உங்கள் கடைப் பெயரைப் போட்டே தேடுகிறார், உங்கள் முகவரிக்குப் பக்கத்திலேயே கூப்பனும் வந்து நிற்கிறது. அவர் எப்படியும் உங்களிடம் வர இருந்தவர். வாசல்படி வரை வந்தவருக்கு யாரோ பாதி விலைச் சீட்டைக் கையில் கொடுத்து, அதற்கு உங்களிடமே கூலியும் வாங்கிக்கொள்வதுபோல ஆகிவிடுகிறது. ஆகவே அந்த 80-20 இன்றைக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கணக்குப் போட்டுக் கொடுக்கும்போது பழையவர்களையும் எப்படியும் வர இருந்தவர்களையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துத்தான் தொடங்குவேன்.

யாருக்கு இது பொருந்தும்? அப்போது ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இருந்த பெஞ்சமின் எடெல்மனும், அவரோடு சோனியா ஜாஃபே, ஸ்காட் கோமினர்ஸ் என்ற ஆய்வாளர்களும் சேர்ந்து இதைக் கோட்பாடாகவே எழுதிப் பார்த்தார்கள். அதிகம் அறியப்படாத, ஒருவருக்குச் சேவை செய்ய ஆகும் கூடுதல் செலவு குறைவான தொழில்களுக்கே இத்தகைய ஆழமான தள்ளுபடி கைகொடுக்கும் என்பது அவர்கள் முடிவு. என் அனுபவமும் அதுவே. உடற்பயிற்சி வகுப்பு, நடனப் பயிற்சி, படகுச் சவாரி, அருங்காட்சியகம் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு இடமுள்ள வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால், பதிமூன்றாமவர் வருவதால் ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளமா கொடுக்கிறோம்? அடக்கம் 10 என்றால் புதியவர் ஒவ்வொருவராலும் 15 மிஞ்சும். மேலே சொன்ன அதே 80-20 கணக்கைப் போட்டால், பழையவர்களால் ஆகும் 1,500 இழப்பைக் கழித்தும், மேற்செலவு வரவைச் சேர்த்தால் கொஞ்சம் மீதி நிற்கும். ஒருவரும் திரும்பி வராவிட்டாலும் கையைக் கடிக்காது.

ஒரு நிபந்தனை, அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த ஓர் அழகு நிலையத்தில் வார நாட்களின் மதியம் வெறிச்சோடிக் கிடக்கும், சனி ஞாயிறு மூச்சுவிட நேரம் இருக்காது. மதியத்தை நிரப்பலாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் கூப்பன் போட்டார்கள். நேரத்தை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. வாங்கியவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தானே, எல்லோரும் சனிக்கிழமையே கேட்டார்கள். செல்லுபடிக் காலம் முடியப்போகிறது என்றதும் கடைசி வாரங்களில் கூட்டம் இன்னும் நெரிந்தது. ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்த அம்மாக்கள் இருவர் இடம் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். உரிமையாளர் இன்றைக்கும் நட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை, அந்த இருவரைப் பற்றித்தான் பேசுவார். முழு விலை கொடுப்பவரைக் கூப்பன்காரர் இடம்பெயர்த்துவிட்டால் போனது 75 மட்டும் இல்லை, அவருடைய அடுத்தடுத்த வருகைகளும்தான்.

எண்ணிக்கை வரம்பு ஏன் உயிர்நாடி என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2011-இல் இங்கிலாந்தில் ஒரு சிறிய கேக் கடை 75 சதவீதத் தள்ளுபடியில் சலுகை போட்டது. வரம்பு எழுதவில்லை. ஏறக்குறைய 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு டஜன் என்பதால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கேக்குகள் செய்ய வேண்டி வந்தது. தற்காலிக ஆட்களை வைத்து இரவு பகலாக வேலை செய்தும், ஒவ்வொரு டஜனிலும் கைநட்டம். அந்த ஆண்டு அவர்கள் பார்த்திருக்க வேண்டிய லாபமே அதில் போயிற்று. பிரிட்டனின் நியாய வணிக அலுவலகம் குரூப்பான்மீது விசாரணை நடத்தி 2012 மார்ச்சில் சில உறுதிமொழிகளை வாங்கியது. ஒரு வணிகரால் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில் சேவை செய்ய முடியும் என்று நேர்மையாக மதிப்பிட்ட பிறகே சலுகையை வெளியிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனாலும் வரம்பை எழுதிக் கேட்க வேண்டியது நீங்கள்தான். எத்தனை கூப்பன் விற்கிறதோ அத்தனை பங்கு தளத்துக்கு, செய்து கொடுக்கும் பாடு முழுக்க உங்களுக்கு. வரம்பு வைப்பதில் அவர்களுக்கு என்ன அக்கறை இருக்கும்?

வரம்பை எப்படி முடிவு செய்வது? சும்மா கிடக்கும் மணிநேரங்களை எண்ணுங்கள். வாரத்துக்கு 15 காலி நேரம், கூப்பன் செல்லும் காலம் 12 வாரம் என்றால் 180. எல்லோரும் கடைசியில் வந்து குவிவார்கள் என்பதால் நான் அதில் பாதிக்குமேல் விற்க மாட்டேன், 90. பிரதிநிதிக்கு இந்த எண் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

நற்பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தையும் ஹார்வர்டையும் சேர்ந்த ஜான் பையர்ஸ், மைக்கேல் மிட்சன்மாக்கர், ஜியார்கோஸ் சர்வாஸ் ஆகியோர் வாடிக்கையாளர்கள் கடைகளுக்கு மதிப்பெண் போட்டு எழுதும் யெல்ப் தளத்தின் விமர்சனங்களை அலசினார்கள். குரூப்பானைக் குறிப்பிட்டு எழுதியவர்கள் கொடுத்த மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 10 சதவீதம் குறைவு. கூப்பன்காரர்கள் கஞ்சர்கள், குறை சொல்லவே வருகிறவர்கள் என்று கடைக்காரர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தங்களுக்குப் பழக்கமில்லாத இடத்துக்கு முதன்முறை வருகிறார்கள், அதனால் சிலருக்கு ஒத்துவராமல் போகும். அதைவிட முக்கியமானது, நெரிசலில் களைத்துப்போன ஊழியர் அவர்களை இரண்டாந்தரமாக நடத்திவிடுகிறார். கூப்பன் நீட்டியதும் முகம் மாறுவதைப் பார்த்திராதவர் உண்டா? வருகிறவருக்கு நீங்கள் 25 தான் வாங்குகிறீர்கள் என்பது தெரியாது. தாம் கொடுத்த 50-க்கு உரிய மரியாதையை எதிர்பார்க்கிறார், அது அவர் உரிமை. ஊழியர்களிடம் இதை முன்கூட்டியே பேசுங்கள். கழிவிலோ (கமிஷன்) வாடிக்கையாளர் கொடுக்கும் அன்பளிப்பிலோ அவர்கள் வருமானம் தொங்குகிறதென்றால், கூப்பன் வேலைக்கும் முழு விலைக்குரிய கழிவையே கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவையும் அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விளம்பரச் செலவை அவர்கள் தலையில் கட்டக்கூடாது.

ஒப்பந்தத்தில் மேலோட்டமாகப் படித்துவிட்டு விடக்கூடாதவை சில. பணம் எப்போது வரும் என்று பாருங்கள். சில தளங்கள் தவணை தவணையாகத் தரும், சில கூப்பன் பயன்படுத்தப்பட்ட பிறகே தரும். பொருளை இன்று வாங்கிப் போட்டு இரண்டு மாதம் கழித்துக் காசு பார்க்க உங்கள் கையிருப்பு தாங்குமா? பயன்படுத்தாமல் விட்ட கூப்பனின் பணம் யாருக்கு என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும். ஒருவருக்கு ஒன்றுதான், முன்பதிவு கட்டாயம், இன்ன நாள் இன்ன நேரம் மட்டும் செல்லும், கடந்த ஓராண்டில் வராதவர்களுக்கு மட்டும் என்ற நான்கையும் எழுத வையுங்கள். கடைசியாகச் சொன்னதை முழுக்க அமல்படுத்த முடியாதுதான். எழுதி வைத்தாலே பாதிப் பேர் தயங்குவார்கள். செல்லுபடிக் காலம் முடிந்தாலும் வாடிக்கையாளர் கட்டிய தொகைக்கு மட்டும் மதிப்பு தொடரும் என்று சில நாடுகளில் சட்டம் இருக்கிறது. உங்கள் இடத்துச் சட்டத்தையும், வரி முழு விலைக்கா தள்ளுபடி விலைக்கா என்பதையும் உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

எதைக் கூப்பனாகப் போடுகிறோம் என்பதும் பாதி வெற்றி. உங்கள் முதன்மைச் சேவையை, எல்லோரும் எதற்காக வருகிறார்களோ அதை, ஒருபோதும் போடாதீர்கள். அதன் விலை 50 தான் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டால் 100-க்கு ஏற்றுவது பெரும்பாடு. பழையவர்கள் வழக்கமாக வாங்காத, அடக்கம் குறைந்த, ஒருமுறை பார்த்தால் அடுத்ததைத் தேட வைக்கும் அறிமுகச் சேவையைப் போடுங்கள். பழையவர்கள் அந்தக் கூப்பனை வாங்கினாலும் அவர்களுடைய வழக்கமான செலவு அப்படியே தொடரும். நான் மேலே பயமுறுத்திய 75 இப்படித்தான் சுருங்கும்.

வந்தவரைத் திரும்ப வரவைப்பது தளத்தின் வேலை இல்லை, உங்கள் வேலை. தளம் தன் பட்டியலைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். நாளைக்கு அதே ஆளுக்கு உங்கள் போட்டியாளரின் கூப்பனை அனுப்பும். ஆகவே அவர் கதவைத் தாண்டும் முன் பெயரும் தொடர்பு எண்ணும் அவர் சம்மதத்தோடு உங்கள் குறிப்பேட்டில் ஏறியிருக்க வேண்டும், அடுத்த வருகைக்குத் தேதி குறித்திருக்க வேண்டும். இதற்கு இன்னும் ஏற்பாடு இல்லையென்றால் இப்போதைக்குக் கூப்பனே வேண்டாம், முதலில் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனையும் செய்து பாருங்கள். தளத்தின் வழியாகப் போனால் ஒருவருக்கு 75 விட்டுக்கொடுக்கிறீர்கள் அல்லவா? அதில் பாதியைக்கூட விடாமல், உங்கள் வாடிக்கையாளர்களிடமே ஒரு மாதம் சொல்லுங்கள்: காலி நேரத்தில் புதியவர் ஒருவரை அழைத்து வந்தால் அழைத்து வந்தவருக்கு 15, வந்தவருக்கு 20 குறைவு. தெரிந்தவர் சொல்லி வருகிறவர் விலையைப் பார்த்து வருகிறவரைவிட நிலைத்து நிற்பார் என்பது நான் பல தொழில்களின் கணக்கில் பார்த்தது. மாத முடிவில் எத்தனை புதியவர்கள் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த வருகைக்குத் தேதி குறித்தார்கள் என்று எண்ணி வையுங்கள். காலி நேரம் அதிலேயே நிரம்பிவிட்டால் பிரதிநிதிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். நிரம்பாவிட்டால், அந்த எண்களையும் 90 போன்ற ஒரு வரம்பையும் கையில் வைத்துக்கொண்டு அவரை மறுபடி உட்காரச் சொல்லுங்கள். 25-க்குப் பதில் 32 கேளுங்கள். வரம்பை எழுதித் தர மறுத்தால் எழுந்துவிடுங்கள்.